ஒரே பெயரில் இரண்டு பூச்சிகள்: தென்னை ஓலையில் எது நண்பன்?

தென்னந்தோப்பில் நின்று "கண்ணாடி இறக்கைப் பூச்சி" என்று சொன்னால் எதைச் சொல்கிறோம் என்பது கேட்பவருக்குப் புரியாது. வெள்ளை ஈயைத் தின்னும் பச்சை நிறப் பூச்சிக்கும் அதே பெயர். வேர் வாடல் நோயைப் பரப்பும் சாறு உறிஞ்சிக்கும் அதே பெயர். முதலாவதன் முட்டைகளைத் தேடி வாங்கி வந்து ஓலையில் வைக்கிறோம். இரண்டாவது தானாகவே வந்து சேர்கிறது. பெயர்க் குழப்பத்தில் நன்மை செய்யும் பூச்சியின் மேல் மருந்து தெளித்துவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு.

சாறு உறிஞ்சியின் அறிவியல் பெயர் ஸ்டெஃபானிடிஸ் டிபிகா. 1903இல் டிஸ்டன்ட் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் இதை விவரித்தார். நீளம் சுமார் 4 மில்லிமீட்டர், அரிசி மணியைவிடச் சிறியது. வாழை, ஏலம், தென்னை ஆகியவற்றின் இலைகளில் அடிப்பக்கம்தான் இதன் குடியிருப்பு.

கீற்றைத் திருப்பி, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். முதலில் தெரிவது வலைப்பின்னல். முன் இறக்கை முழுக்க நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கட்டங் கட்டமாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் பளிங்கு போன்ற சவ்வு. அதனூடே இலையின் பச்சை தெரியும். இறக்கையில் மங்கிய கருந்திட்டுகள். தலையைத் தேடினால் சட்டென அகப்படாது. மார்பின் முன்பகுதி குமிழாக உப்பி, முக்காடு போலத் தலைமேல் கவிந்திருக்கும். அதற்குப் பின்னால் நடுமுதுகில் ஒரு மெல்லிய தகடு கொண்டை போல நிமிர்ந்து நிற்கும், அதிலும் வலைதான். உணர்கொம்பில் நான்கு கணுக்கள், மூன்றாவது மற்றவற்றைவிட மிக நீளம். இத்தனை நுணுக்கமும் 4 மில்லிமீட்டருக்குள் அடங்கியிருப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

டிங்கிடே என்ற இந்தக் குடும்பத்தில் உலகெங்கும் 2,000க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நிறத்தை மட்டும் நம்பி இனம் பிரிக்க முடியாது. புதிதாகத் தோலுரித்த பூச்சி வெளிறித்தான் இருக்கும். அதனால் வகைப்பாட்டாளர்கள் முக்காட்டின் வடிவத்தைப் பார்ப்பார்கள். இறக்கை விளிம்பில் கட்டங்கள் எத்தனை வரிசை என்று பொறுமையாக எண்ணுவார்கள். துளசியில் வரும் கொக்ளோகைலா புல்லிட்டா இதே குடும்பம்தான். அதன் முதுகில் குமிழிகள் உப்பி நிற்கும். 'புல்லா' என்றால் லத்தீனில் குமிழி.

பச்சைப் பூச்சியைக் கண்டுகொள்ள லென்ஸே வேண்டாம். பல மடங்கு பெரியது, கண்கள் பொன்னிறம், நீண்ட இறக்கைகள் உடல்மேல் கூரை போல மடிந்திருக்கும். தலை மறைவில்லாமல் வெளியே தெரியும். முட்டையும் ஒரு நல்ல அடையாளம்: மயிரிழை போன்ற காம்பின் நுனியில் நிற்கும். சாறு உறிஞ்சியோ தன் முட்டையை இலைத் திசுவுக்குள் செருகிவிடும். வெறும் கண்ணுக்கு எளிதில் தெரியாது.

ஊசி போன்ற வாயால் அது சாறெடுத்த இடங்களில் இலையின் மேற்பக்கம் வெளிர்ப்புள்ளிகள் தோன்றும். அடிப்பக்கத்தில் தார்ச்சொட்டு போல எச்சம் ஒட்டியிருக்கும். புள்ளிகளைவிடப் பெரிய கேடு வேறு. உணவு கடத்தும் குழாய்களில் வாழும் ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரை நோயுற்ற மரத்திலிருந்து நல்ல மரத்துக்கு இது கொண்டுபோகிறது. கேரள ஆராய்ச்சியாளர்கள் 1990இல் இதை உறுதி செய்தார்கள். நோய் கண்ட மரத்தின் கீற்றுகள் துவண்டு, விலா எலும்புகள் போல உட்புறம் வளையும்.

இந்தப் பூச்சிகளின் நடுவே சில நேரம் ஏறத்தாழ அதே அளவில், அதே பளபளப்பில் இன்னொன்று நடமாடும். ஸ்டெத்தோகோனஸ் ப்ரேஃபெக்டஸ் என்பது அதன் பெயர். சாறு உறிஞ்சியையே குத்தி உறிஞ்சி வாழ்கிறது. மேலிருந்து பாருங்கள்: முக்காடு இல்லை, கட்டங்கள் இல்லை, புடைத்த இரண்டு கண்கள் தெளிவாகத் தெரிகின்றன. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.