அணுவாயுதக் குடை: மழைக்கா, நிழலுக்கா?

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளிடம் அணுவாயுதக் குடை என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், குண்டு விழுந்தால் மறைக்கிற ஏதோ ஒரு கவசம் என்பார்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் குடை என்றாலே மழைதானே, பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தக் குடை எதையும் மறைக்காது. "என் கூட்டாளி மேல் கைவைத்தால் என் அணுகுண்டு உன் மேல் விழும்" என்று ஒரு வல்லரசு கொடுக்கிற வாக்கு, அவ்வளவுதான்.

பனிப்போர்க் காலத்தில் ஆங்கிலத்தில் 'நியூக்கிளியர் அம்பரெல்லா' என்று புழங்கிய சொல்லாட்சி இது. அம்பரெல்லாவுக்கு மூலம் இலத்தீனின் உம்ப்ரா, அதாவது நிழல். நமக்கும் இது புதிதில்லை. அரசனின் வெண்கொற்றக்குடை மழைக்குப் பிடித்ததா என்ன? குடிகள் அவன் காவலில் இருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம், அந்த நிழலுக்குள் வருகிற சிற்றரசன் திறையும் கட்டவேண்டும். அதனால் தமிழில் இதற்குக் கவசம், கேடயம் என்றெல்லாம் பெயர் வேண்டாம். அணுவாயுதக் குடை, சுருக்கமாக அணுக்குடை என்றே எழுதலாம். 'அணுக்குடை நிழலில் உள்ள நாடுகள்' என்றால் இன்னும் பொருத்தம்.

சரி, நிழலில் நிற்கிற சின்ன நாட்டை எதிராளி மிரட்டினால்? 1957இல் சோவியத் பிரதமர் புல்கானின் நோர்வேக்கும் டென்மார்க்குக்கும் கடிதம் எழுதி, மேற்கு நாடுகளின் தளங்களுக்கு இடம் கொடுத்தால் அணுத்தாக்குதல் உங்கள் மண்ணில்தான் என்று எச்சரித்தார். இரண்டும் அமெரிக்கா தலைமையிலான நேட்டோ இராணுவக் கூட்டணியை விட்டு ஓடவில்லை, சமாதான காலத்தில் எங்கள் மண்ணில் அணுவாயுதம் வைக்கக்கூடாது என்று மட்டும் நிபந்தனை போட்டன. (தன் ஆளுகையிலுள்ள கிரீன்லாந்தில் அமெரிக்கா அணுவாயுதம் வைத்ததை டென்மார்க் கண்டும் காணாமல் இருந்தது வேறு கதை. 1968இல் அங்கே நான்கு ஐதரசன் குண்டுகளோடு அமெரிக்க விமானம் விழுந்தபோதுதான் நாறியது.) நியூசிலாந்தை யாரும் மிரட்டக்கூட இல்லை. அணுவாயுதம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல மறுத்த அமெரிக்கக் கப்பலை 1985இல் துறைமுகத்துக்குள் விடவில்லை, மறுவருடமே அன்சஸ் (அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா சேர்ந்த பாதுகாப்பு) ஒப்பந்தத்தின் கீழ் நியூசிலாந்தைக் காக்கும் கடமையை அமெரிக்கா நிறுத்திவைத்தது. 2022 பெப்ரவரியில் புட்டின் அணுப்படைகளை உஷார்படுத்தினார், பின்லாந்து 2023இலும் சுவீடன் 2024இலும் நேட்டோவுக்குள்ளேயே போய்விட்டன. என் கணக்கில், மிரட்டலால் கூட்டணி உடைவது அபூர்வம், எந்த நிபந்தனையில் உள்ளே இருப்பது என்ற பேரத்தைத்தான் அது கிளப்புகிறது.

நம் நாடும் பிரித்தானியாவுடன் 1947இல் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்த நாடுதான், தியத்தலாவையில்கூட அவர்களுடைய முகாம் இருந்தது. 1957இல் பண்டாரநாயக்க திருகோணமலை, கட்டுநாயக்கத் தளங்களைத் திரும்ப வாங்கினார். அப்புறம் 1971இல் இலங்கை முன்னின்று, இந்து சமுத்திரம் சமாதான வலயம் என்று ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் நிறைவேற்றவைத்தது. அதே வருடம்தான் அதே சமுத்திரத்திலுள்ள தியேகோ கார்சியாத் தீவில் அமெரிக்கா தளம் கட்டத் தொடங்கியது.