மனத்தில் நினைத்த ரைஸ் (பந்தயத்தை உயர்த்தல்) மேசையில் செல்லாது: போக்கர் ஆட வருவோர் கவனத்துக்கு

கோவாவில், பணஜியை ஒட்டி மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோக் கப்பல்களில் ஒன்றில் சீட்டுப் பகிரும் போக்கர் டீலராகப் பணிபுரிகிறேன். கடந்த வாரக் கடைசியிலும் ஒற்றைச் சிப்பை (பணத்துக்குப் பதிலான வில்லையை) முன்னிட்டு மேசை இரண்டுபட்டு, கண்காணிப்பாளரை அழைத்துத் தீர்ப்புக் கேட்க வேண்டியதாயிற்று. இதே வழக்கைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ப்ளைண்ட் (சீட்டுப் பகிருமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) 100, 200 என்று ஓடிய ஆட்டத்தில் ஒருவர் 600 ரூபாய் வைத்தார். அடுத்து இருந்தவர் வாயே திறக்காமல் 5,000 ரூபாய் சிப் ஒன்றை முன்னே எறிந்தார். நான் 'கால்' (அந்தப் பந்தயத்துக்குச் சமமாக மட்டும் வைத்தார்) என்று அறிவித்ததும் அவர் கொதித்தெழுந்து, "ஐயாயிரத்தைப் போட்டால் ஐயாயிரத்துக்கு ரைஸ் என்றுதானே பொருள்?" என்று கேட்டார். இல்லை, பொருள் அதுவன்று. எதிரே ஒரு பந்தயம் நிற்கும்போது, ஒன்றும் சொல்லாமல் ஒற்றைச் சிப்பைப் போட்டால், அதன் மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் அது கால் மட்டுமே. அந்தச் சுற்றில் எவரும் இன்னும் பந்தயம் வைக்கவில்லை என்றால்தான் அதே சிப் முழு 5,000 ரூபாய்ப் பந்தயமாகக் கொள்ளப்படும். 'ரைஸ்' என்ற ஒரு சொல்லை, சிப் கையை விட்டுப் போகுமுன் சொல்லியிருந்தால் இந்த வாக்குவாதத்துக்கே இடமில்லை.

இது டீலரின் பிடிவாதம் என்று நினைப்பவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன். பெரிய சிப்பைப் போட்டுவிட்டு, எதிராளியின் முகம் மாறுவதைப் பார்த்த பிறகு 'அது ரைஸ்' என்றோ 'அது கால்' என்றோ வசதிப்படி சொல்லிக்கொள்ளலாம் என்றால், நேர்மையாக ஆடுபவர் கதி என்னவாகும்? சினிமாவில் நாயகன் "உன் அறுநூறு இதோ, அதற்கு மேல் இன்னும் ஆயிரம்" என்று நிதானமாகச் சொல்வதும் இங்கே செல்லாது. முதல் பாதியிலேயே அவர் கால் செய்தாகிவிட்டது. 600-ஐ வைத்துவிட்டு, மேலும் எடுக்கக் கை மறுபடி அடுக்குக்குப் போனாலும் அதே கதைதான். முதலில் தொகையைச் சொல்லிவிட்டால், சிப்பைப் பத்துத் தவணையாக எண்ணி வைத்தாலும் கேட்பாரில்லை.

பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் தடை செய்த பிறகு, திரையில் மட்டுமே ஆடிப் பழகியவர்கள் பலர் இங்கே வருகிறார்கள். திரையில் முறை வந்தால்தான் பொத்தான் ஒளிரும். இங்கே நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னே இருவர் யோசித்துக்கொண்டிருக்கையில் நீங்கள் சீட்டைக் கவிழ்த்து வீசினால், உங்களுக்கு நட்டமில்லாமல் இருக்கலாம். ஆனால் எத்தனை பேர் எதிர்த்து நிற்பார்கள் என்பது முன்னே இருப்பவருக்கு இனாமாகத் தெரிந்துவிடுகிறது.

நண்பர்களாகச் சேர்ந்து வரும் நம்மூர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஃப்ளாப்பில் (மேசையில் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டுகளில்) இரண்டு ராஜா விழுந்தவுடன், ஏற்கெனவே சீட்டைப் போட்டு ஃபோல்ட் செய்தவர் "ஐயோ மச்சான், இருந்த ராஜாவைப் போட்டுட்டேனே" என்று தமிழில் புலம்பினால், அது டீலருக்குப் புரியாது என்று எண்ண வேண்டாம். எனக்கு நன்றாகவே புரியும். ஒரு கையை (ஒருவருக்கு வந்த சீட்டை) ஒருவர்தான் ஆட வேண்டும், ஆட்டத்தில் இல்லாதவர் அந்தக் கையைப் பற்றி எந்த மொழியிலும் பேசக் கூடாது.

சீட்டின் மேல் ஒரு சிப்பை வையுங்கள். பாதுகாப்பின்றிக் கிடக்கும் சீட்டை நான் தவறுதலாக வாரிக் கழிவில் சேர்த்துவிட்டால், அது இரண்டு ஆஸாகவே இருந்தாலும் மீட்பது அரிது. பெரிய சிப்புகளை எல்லோர் கண்ணிலும் படும்படி முன்னால் அடுக்குங்கள். வென்றதைப் பாதி ஆட்டத்தில் சட்டைப்பைக்குள் தள்ளாதீர்கள். ஷோடவுனில் (கடைசியில் சீட்டைக் காட்டும்போது) இரண்டு சீட்டையும் நிமிர்த்தி மேசையில் வையுங்கள்: வாயால் தவறாகச் சொன்னாலும் சீட்டு சொல்வதே முடிவு, ஆனால் கவிழ்த்து வீசிய பிறகு வாதாடிப் பயனில்லை. ஜெயித்த கையை வைத்துக்கொண்டு, எதிராளி நடுவில் சேர்ந்த பந்தயப் பணத்துக்குக் கை நீட்டும்வரை காத்திருந்து மெதுவாகத் திறப்பது விதிமீறல் அல்ல, அற்பத்தனம்.

கடைசிப் பொதுச் சீட்டான ரிவரில் தோற்றதற்கு டீலரைத் திட்டுவதையும் தயவுசெய்து விடுங்கள். போக்கரில் நீங்கள் ஆடுவது மற்ற ஆட்டக்காரர்களோடு. கேசினோ தன் பங்கான ரேக்கை எடுத்துக்கொள்கிறது, யார் ஜெயித்தாலும் அதற்கு ஒன்றுதான்.

விதிகளில் சில இடத்துக்கு இடம் மாறும் என்பதால், உட்காருமுன் கேட்டுக்கொள்ளுங்கள். புதியவர் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாருடைய முறை, எவ்வளவு வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு சுற்றிலும் பொறுமையாகச் சொல்வோம். இந்தச் சீட்டை வைத்து ஆடலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை.