ஈயம் சுமக்கும் குதிரை: தடை தாண்டும் பந்தயத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

மான்செஸ்டரில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் ரேஸ் கார்டு ஒன்றை, அதாவது அன்று ஓடும் குதிரைகளின் விவரப் பட்டியலைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். ஏப்ரல் வந்தால் அவருடைய அலுவலகத்தில் கிராண்ட் நேஷனல் என்ற பெரிய தடை தாண்டும் குதிரைப் பந்தயத்துக்குச் சீட்டுக் குலுக்குவார்களாம். "இந்தக் குதிரை ஜெயிக்கும், அந்தக் குதிரை தேறாது என்று காலைப் பேப்பரில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இதில் அறிவியல் ஏதாவது உண்டா, இல்லை கிளி ஜோசியம்தானா?" என்று கேட்கிறார்.

அறிவியல் உண்டு. அதிலும் கார்டில் பலரும் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும் ஒரு கட்டத்தில் அது நிறையவே இருக்கிறது. குதிரை சுமக்க வேண்டிய எடையைச் சொல்லும் கட்டம் அது.

மற்றதை முதலில் வேகமாகப் பார்த்துவிடுவோம். தடை தாண்டும் பந்தயம் பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் நாடுகளில் பெரும்பாலும் குளிர்காலத்து விளையாட்டு. ஹர்டில் என்றால் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம். கால் பட்டால் சாய்ந்து கொடுக்கும். ஸ்டீப்பிள்சேஸ் தடைகள் நாலரை அடிக்குக் குறையாதவை, அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காதவை. கார்டில் குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் '2எஃப்1-பி31' என்பது போல ஒரு வரி இருக்கும். இடமிருந்து வலமாகப் பழையதிலிருந்து புதியதுக்கு வர வேண்டும்: இரண்டாவது வந்தது, அடுத்ததில் விழுந்தது, அதற்கடுத்து ஜெயித்தது. சிறு கோடு சீசன் மாறியதைக் காட்டும். புது சீசனில் ஒருமுறை பாதியிலேயே நிறுத்தப்பட்டது, பிறகு மூன்றாவது, கடைசியாக வெற்றி. ஏறுமுகத்தில் இருக்கிற குதிரை என்று இதிலிருந்தே தெரிகிறது.

அப்புறம் தரை. மழை பெய்து சேறான தரையில் ஓடுவது வேறு, காய்ந்த புல்லில் ஓடுவது வேறு. கோயிங் ஸ்டிக் என்ற கருவியைத் தரையில் குத்தி, சாய்த்து இழுத்து, மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று எண்ணாகவே சொல்லிவிடுகிறார்கள். சேற்றில் நன்றாக ஓடும் குதிரைகள் தனி. பழைய ஓட்டங்களையும் அன்றைய தரையையும் சேர்த்துப் பார்ப்பது கணிப்பவரின் முதல் வேலை.

சரி, எடைக்கு வருவோம்.

ஹேண்டிகேப் பந்தயம் என்றால் எல்லாக் குதிரையும் ஒரே எடையைச் சுமக்காது. ஒவ்வொரு குதிரைக்கும் அதன் பழைய ஓட்டங்களை வைத்து அதிகாரபூர்வமான ரேட்டிங் ஒன்று உண்டு. ரேட்டிங்கில் ஒரு புள்ளி என்பது முதுகில் ஒரு பவுண்டு எடை, அதாவது சுமார் 450 கிராம். கெட்டிக்காரக் குதிரைக்கு அதிகச் சுமை, சுமாரான குதிரைக்குக் குறைந்த சுமை. எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் எல்லைக்கோட்டைத் தொட வேண்டும் என்பதுதான் இந்தச் சுமையைத் தீர்மானிக்கும் ஹேண்டிகேப்பரின் கனவு. பந்தயத்துக்கு முன் ஜாக்கி சேணத்தைக் கையில் ஏந்தித் தராசில் ஏறுவார். குறித்த எடைக்குக் குறைவாக இருந்தால், சேணத்துக்கு அடியில் போடும் துணியின் பைகளில் மெல்லிய ஈயத் தகடுகளைச் செருகி ஈடுகட்டுவார்கள். பந்தயம் முடிந்ததும் மறுபடி தராசு.

இந்தச் சில கிலோ ஈயத்தால் என்ன செய்ய முடியும்? 1973 கிராண்ட் நேஷனலைப் பாருங்கள். லிவர்பூலுக்குப் பக்கத்தில் எய்ன்ட்ரீ மைதானம், 30 தடைகள், ஏழு கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரிஸ்ப் என்ற பெரிய குதிரை 12 ஸ்டோன் சுமந்தது, அதாவது 76 கிலோ. ரெட் ரம் சுமந்தது 10 ஸ்டோன் 5 பவுண்டு, 66 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் 23 பவுண்டு. கடைசித் தடையைத் தாண்டும்போது கிரிஸ்ப் ஏறத்தாழ 15 குதிரை நீளம் முன்னால் இருந்தது. அதற்குப் பிறகு தடை எதுவும் இல்லை, நீண்ட புல்தரை மட்டும்தான். அங்கே கிரிஸ்ப்பின் கால்கள் தடுமாறின. எல்லைக்கோட்டுக்குச் சில எட்டுகள் இருக்கும்போது ரெட் ரம் அதைத் தாண்டி, முக்கால் குதிரை நீளத்தில் ஜெயித்தது. 9 நிமிடம் 1.9 வினாடி. பழைய சாதனையை இரண்டு குதிரைகளுமே முறியடித்திருந்தன. அதே ஆண்டு இறுதியில் டான்காஸ்டரில் இரண்டும் சம எடையில் மோதியபோது கிரிஸ்ப் 8 நீளத்தில் ஜெயித்தது.

அந்தப் பத்துச் சொச்சம் கிலோ எப்படி வேலை செய்தது? தடையைத் தாண்டும்போது தூக்க வேண்டியிருப்பதால் என்றுதான் முதலில் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10.4 கிலோவை ஒரு மீட்டர் உயர்த்தச் சுமார் 100 ஜூல். 30 தடைக்கும் சேர்த்து 3,000 ஜூல். ஒரு கிலோகலோரிகூட வராது! தசையில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும் இந்தத் தொகையால் ஒரு குதிரை களைத்துப்போகாது.

உண்மையான செலவு தடைகளுக்கு நடுவில் இருக்கிறது. பாயும் குதிரை வினாடிக்கு இரண்டு முறைக்கு மேல் எட்டு வைக்கிறது. ஒன்பது நிமிடத்தில் ஆயிரத்துக்கு மேல். ஒவ்வொரு எட்டிலும் ஒரு முன்னங்கால் மட்டும் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேற்பட்ட விசையைத் தாங்குகிறது. அந்த விசையைத் தாங்கத் தசை இறுக வேண்டும், இறுகும் தசை ஆக்ஸிஜன் கேட்கும். சுமை தூக்கி ஓடும் எலி, நாய், மனிதன், குதிரை நான்கையும் அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 1980-இல் வெளிவந்தது. உடலும் சுமையும் சேர்ந்த எடை எத்தனை விழுக்காடு கூடுகிறதோ, ஆக்ஸிஜன் தேவையும் அத்தனை விழுக்காடு கூடுகிறது என்று அது கண்டது. எலியிலிருந்து குதிரை வரை ஒரே விகிதம் என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. குதிரை சுமார் 500 கிலோ என்றால் 10 கிலோ என்பது ஏறத்தாழ 2 விழுக்காடு. ஏற்கெனவே நுரையீரலின் எல்லையில் ஓடிக்கொண்டிருக்கும் விலங்குக்கு அந்த 2 விழுக்காடு கடைசி 400 மீட்டரில்தான் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

ஆனால் ஒரு கிலோ ஈயமும் ஒரு கிலோ ஜாக்கியும் குதிரைக்கு ஒன்றல்ல. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

பாய்ச்சலில் குதிரையின் உடல் சீராக முன்னேறுவதில்லை. ஒவ்வொரு எட்டிலும் மேலே எழும்பி இறங்குகிறது. கால் ஊன்றும்போது சற்று வேகம் குறைந்து, உந்தும்போது கூடுகிறது. முதுகில் ஒட்டியிருக்கும் எதையும் குதிரை அதே குலுங்கலோடு ஏற்றி இறக்கி, தள்ளி நிறுத்திக்கொண்டே போக வேண்டும். ஈயத்துக்கு வேறு வழியில்லை. அந்தக் காலத்தில் காலை நீட்டி, சேணத்தில் அழுந்த உட்கார்ந்து ஓட்டிய ஜாக்கிக்கும் அதே கதைதான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க ஜாக்கிகள் கால் வைக்கும் வளையத்தைக் குட்டையாகக் கட்டி, பின்புறம் சேணத்தில் படாமல் குந்தி நிற்கத் தொடங்கினார்கள். 1897-இல் டாட் ஸ்லோன் அந்தப் பாணியோடு இங்கிலாந்துக்குப் போனார். பார்த்தவர்கள் குரங்கு உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்று கேலி செய்தார்கள். ஆனால் பாணி பரவிய ஆண்டுகளில் பந்தய நேரங்கள் 5 முதல் 7 விழுக்காடு குறைந்தன.

ஏன் என்பதற்கு லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2009-இல் 'சயின்ஸ்' இதழில் விளக்கம் வெளியிட்டார்கள். குதிரைமேலும் ஜாக்கிமேலும் நகர்வை அளக்கும் உணரிகளைப் பொருத்தி ஓடவிட்டார்கள். கீழே குதிரை குலுங்க, மேலே ஜாக்கியின் உடல் ஏறத்தாழ நேர்கோட்டில் மிதந்து போயிருந்தது! வேகத்தடை வரும்போது பஸ்ஸில் முழங்காலை மடக்கி நின்றால் தலை அதிகம் ஆடாதே, அது போல. குதிரை எழும்பும்போது ஜாக்கியின் முழங்காலும் இடுப்பும் மடங்குகின்றன, இறங்கும்போது நிமிர்கின்றன. முன்னும் பின்னுமான அசைவையும் அப்படியே உள்வாங்கிக்கொள்கின்றன. ஜாக்கியின் எடையைக் குதிரை தாங்கத்தான் வேண்டும். ஒவ்வொரு எட்டிலும் அதைக் குலுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். அந்த வேலையை ஜாக்கியின் தொடைகள் செய்துவிடுகின்றன; பந்தயத்தின் முடிவில் அவருடைய இதயமும் உச்சத்தில் துடித்துக்கொண்டிருக்கும். தடை தாண்டும் ஜாக்கி விழாமல் இருக்க வளையத்தைக் கொஞ்சம் நீளமாகவே விடுகிறார். ஆனாலும் தடைகளுக்கு நடுவே இதே தந்திரம்தான். கார்டில் ஒரே எடை போட்ட இரண்டு குதிரைகளில் ஒன்று ஈயத்தையும் மற்றொன்று சதையையும் சுமக்கிறது என்றால், நான் இரண்டாவதைத்தான் ஒரு பிடி மேலாக நினைப்பேன்.

இனி கணிப்பு. ஹேண்டிகேப்பர் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தால் யாராலும் எதையும் கணிக்க முடியாது. எனவே கணிப்பவர் தேடுவதெல்லாம் ரேட்டிங் எங்கே பின்தங்கியிருக்கிறது என்பதைத்தான். கிராண்ட் நேஷனலில் இதற்கு ஒரு வாசல் உண்டு. எடைகளைப் பிப்ரவரியிலேயே அறிவித்துவிடுவார்கள், பந்தயம் ஏப்ரலில். 2023-இல் கொராக் ராம்ப்ளர் என்ற குதிரை எடை அறிவித்த பிறகு, மார்ச் மாதம் செல்டன்ஹாமில் ஒரு பெரிய பந்தயத்தை ஜெயித்தது. ரேட்டிங் உயர்ந்தது; எய்ன்ட்ரீயில் சுமக்க வேண்டிய எடை மட்டும் பழைய கணக்கிலேயே நின்றது. சுமார் 10 பவுண்டு லாபம். கார்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அது 8-க்கு 1 என்ற விகிதத்தில், அதிகம் பேர் நம்பிய ஃபேவரிட்டாக இறங்கி ஜெயித்தது.

8-க்கு 1 என்றால் ஒரு ரூபாய் கட்டினால் எட்டு ரூபாய் லாபம்; கணக்கில் 9-இல் ஒரு வாய்ப்பு, 11 விழுக்காடு. ஃபேவரிட்டாக இருந்தும் தோற்கும் வாய்ப்பு 89 விழுக்காடு! எல்லாக் குதிரைகளின் பந்தய விகிதத்தையும் இப்படி விழுக்காடாக்கிக் கூட்டினால் 100-ஐத் தாண்டும்; அந்த மிச்சம் பந்தயப் பணம் வாங்கும் புக்கியுடையது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிய தொகை தரும் நோஞ்சான் குதிரைகளின்மேல் மக்கள் தேவைக்கு அதிகமாகவே பணம் கட்டுகிறார்கள் என்று 1949-லேயே கிரிஃபித் என்ற உளவியலாளர் காட்டினார். ராசி எண்ணையும் ஜாக்கி சட்டையின் நிறத்தையும் பார்த்துக் கட்டுகிற பணம் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேரும் என்று நினைக்கிறேன். எண் ஜோசியம் குதிரையின் நுரையீரலுக்குத் தெரியாது. தமிழக அரசு 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கக் கொண்டுவந்த சட்டம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996-இல் நீதிமன்றம் இது பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. குதிரை, ஜாக்கி, பயிற்சியாளர் என்று பார்த்தால் எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஆனால் பணம் கட்டும் எல்லோருக்கும் அந்தத் திறமை இருப்பதாக அதற்குப் பொருள் இல்லை.

அப்புறம், தடை என்ற ஒன்று இருக்கிறதே. அதே கொராக் ராம்ப்ளர் 2024-இல் முதல் தடையிலேயே ஜாக்கியைக் கீழே தள்ளியது. ஒரு குதிரை ஒவ்வொரு தடையையும் 99 விழுக்காடு பத்திரமாகத் தாண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 தடையையும் தாண்டும் வாய்ப்பு 0.99-ஐ 30 முறை பெருக்கினால் வருவது, 74 விழுக்காடு. அது 98 ஆனால் பாதிக்குச் சற்று மேல்தான். 1967-இல் 23-வது தடையில், ஜாக்கி இல்லாமல் ஓடிய குதிரை ஒன்று குறுக்கே வர, மொத்தக் கூட்டமும் முட்டிமோதி நின்றது. வெகு பின்னால் வந்த ஃபொய்னவோனுக்கு இடைவெளியைப் பார்த்து விலகிப் போக நேரம் கிடைத்தது. 100-க்கு 1 குதிரை ஜெயித்தது.

விழுவதைக் குறைக்க முடியாதா? குதிரையின் கண்ணில் நிறமறியும் கூம்பு செல்கள் இரண்டு வகைதான், நமக்கு மூன்று. தடையில் பளிச்சென்று இருக்கட்டும் என்று நாம் அடித்துவைத்த ஆரஞ்சு நிறம், குதிரைக்குப் புல்லோடு புல்லாக மங்கித் தெரிந்திருக்கிறது. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் இதை அளந்தார்கள். நிறம் மாறினால் குதிரை எழும்பும் விதமே மாறுவதைக் கண்டார்கள். அதன் பலனாகப் பிரிட்டனில் ஆரஞ்சுப் பட்டைகள் வெள்ளையாக மாறின. பெரிய செலவு பிடிக்காத ஆராய்ச்சி, உயிர் காக்கும் ஆராய்ச்சி. அங்கே புக்கிகளின் லாபத்தில் ஒரு பங்கு 1961 முதல் சட்டப்படி ஒரு வாரியத்துக்குப் போகிறது. அதிலிருந்து கால்நடை மருத்துவ ஆய்வுக்கும் பணம் வருகிறது. நம் ஊரிலும் பந்தய வரியில் ஒரு சிறு பங்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களுக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. மாட்டின் கண்ணிலும் கூம்பு செல் இரண்டு வகைதான். வாடிவாசலைத் தாண்டி வெளியே வரும் காளைக்கு எதிரே நிற்கும் கூட்டமும் தடுப்புக் கட்டையும் என்ன நிறத்தில் தெரிகின்றன என்பதையும் அந்தப் பணத்தில் அளந்து பார்க்கலாம்.