பி.டி. வகுப்பில் கூட்டுத் தண்டனை: அடிபட்ட பிள்ளைக்கு என்ன உரிமை?

நாலு பேர் வரிசையில் பேசினார்கள் என்று வகுப்பு முழுவதையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார்கள். அந்த வரிசையில், போன வாரம் கணுக்கால் சுளுக்கிய பிள்ளையும் நிற்கும். ஓடினால் கால் வீங்கும், ஓரமாக உட்கார்ந்தால் "உனக்கு மட்டும் என்ன சலுகை" என்று கூடப் படிக்கிறவர்களே முறைப்பார்கள். இதில் விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989-இல் ஏற்கப்பட்டு 1990-இல் நடைமுறைக்கு வந்தது. ஐ.நா. உறுப்பு நாடுகளில் அமெரிக்காவைத் தவிர மற்ற எல்லாமே இதில் சேர்ந்திருக்கின்றன. பள்ளி ஒழுங்கு நடவடிக்கை எதுவானாலும் குழந்தையின் மாண்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 28(2). கவனிப்பில் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், அவரிடமிருந்து உடலுக்கோ மனதுக்கோ கெடுதல் வராமல் காப்பது அரசின் கடமை என்கிறது பிரிவு 19. பி.டி. ஆசிரியரும் இதில் அடக்கம்தான்.

'கூட்டுத் தண்டனை' என்ற சொல் உடன்படிக்கையில் எங்கும் கிடையாது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2006-இல் வெளியிட்ட 8-ஆம் பொதுக் கருத்துரையைப் படித்தால் விஷயம் தெளிவாகிவிடும். வலியோ அசௌகரியமோ தரும் நோக்கத்தோடு உடல்பலத்தைப் பயன்படுத்தும் தண்டனை எவ்வளவு லேசாக இருந்தாலும் அது உடல் தண்டனைதான் என்று அது சொல்கிறது, வசதியில்லாத நிலையில் நிற்க வைப்பதையும் உதாரணமாகக் காட்டுகிறது. அடிக்காமலே அவமானப்படுத்துவது, பலிகடா ஆக்குவது, பயமுறுத்துவது, கேலி செய்வது எல்லாமே உடன்படிக்கைக்கு ஒவ்வாதவை என்றும் சேர்த்திருக்கிறது. பேசியது நாலு பேர், ஓடுவது எல்லோரும் என்றால் அது பலிகடா ஆக்குவது இல்லாமல் வேறென்ன? போர்க்காலத்துக்கென்று எழுதிய 1949-ஆம் ஆண்டு நான்காம் ஜெனீவா ஒப்பந்தம்கூட, தான் செய்யாத குற்றத்துக்காக யாரையும் தண்டிக்கக் கூடாது என்கிறது (பிரிவு 33). அது பள்ளிக்குப் பொருந்தும் சட்டம் இல்லை, ஆனாலும் போரில்கூடக் கூடாது என்று வைத்த ஒன்றைப் பத்து வயதுப் பிள்ளைகளிடம் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடிபட்ட பிள்ளை விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஆறாத தசைநாரை வைத்துக்கொண்டு ஓடினால் அதே இடத்தில் மறுபடி அடிபடலாம். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்ட பிள்ளை படிப்படியாகத்தான் விளையாட்டுக்குத் திரும்ப வேண்டும். பழக்கமில்லாத உடம்பை அளவு மீறி வருத்தினால் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம், சிறுநீர் கறுத்துப் போனால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆகவே விலக்கு என்பது ஆசிரியர் மனசு வைத்துத் தரும் சலுகை கிடையாது, குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் உடல்நலம் பற்றிய பிரிவு 24 தரும் உரிமையில் அது அடங்கும் என்பதே என் வாதம். நீண்டகாலக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 2006-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும் துணை நிற்கும்: பள்ளி விளையாட்டில் மற்றவர்களோடு சமமாகப் பங்கேற்க வழி செய்ய வேண்டும் என்று அதன் பிரிவு 30(5) சொல்கிறது. அதனால் அடிபட்டவரை மூலையில் உட்கார வைத்துவிட்டால் கடமை முடிந்துவிடாது, ஸ்கோர் எழுதுவது, நேரம் பார்ப்பது என்று அவரால் முடிந்த வேலை கொடுக்கலாம்.

சரி, பெற்றோர் என்ன செய்யலாம்? இந்த உடன்படிக்கைகள் நேரடியாகக் கட்டுப்படுத்துவது அரசைத்தான், பள்ளியில் செல்லுபடியாவது உங்கள் நாட்டுச் சட்டமும் கல்வித்துறை விதியும். அதில் உடல் தண்டனை பற்றிய பகுதியை முதலில் தேடிப் படியுங்கள். டாக்டர் சர்டிபிகேட்டில் 'விளையாட வேண்டாம்' என்று மட்டும் இருந்தால் ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொல்வார்கள். ஓடக் கூடாதா, குதிக்கக் கூடாதா, முட்டி போடக் கூடாதா, எந்தத் தேதி வரை என்று விவரமாகக் கேட்டு வாங்குங்கள். தண்டனையாகத் தரும் உடற்பயிற்சிக்கும் இது பொருந்தும் என்று ஒரு வரி சேர்த்து, தலைமையாசிரியருக்கும் பி.டி. ஆசிரியருக்கும் எழுத்தில் கொடுங்கள். அப்புறம், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மேலே புகார் போக வேண்டி வந்தால் முதலில் கேட்கப்படுவது அதுதான்.