3 மீட்டரில் நிற்கிற பிள்ளை 12 மீட்டரில் தெரிவது ஏன்?

வைகாசி 1ஆம் தேதி வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. சிரசு என்றால் அம்மனின் தலை. தரணம்பேட்டையிலிருந்து கிளம்பும் சிரசு கோபாலபுரம் போய்ச் சேரும்வரை தெருவில் கால் வைக்க இடமிருக்காது. வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். சில்லு பொறுக்கக் குனிகிற பிள்ளை நிமிர்ந்து பார்த்தால், அம்மா நின்ற இடத்தில் வேறு யாரோ நிற்பார்கள். நாலு வயதில் அக்கா பையன் அப்படித்தான் தொலைந்தான். மைக்கில் "செவப்பு டவுசரு, கையில தேங்கா சில்லு" என்று சொல்லச் சொல்லித்தான் மீட்டோம். அன்று ராத்திரியே அக்கா பிடித்துக்கொண்டாள்: "எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன்தானே நீ? இதுக்கு ஒண்ணு பண்ண மாட்டியா?"

யாருக்கும் முதலில் தோன்றுவது ஜிபிஎஸ் வாட்ச். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நாலின் சிக்னல் கிடைத்தால் அது தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். திறந்த வெளியில் சில மீட்டர் பிசகு. இருபுறமும் மாடி வீடுள்ள சந்தில் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் பிசகு இன்னும் கூடும். அதுகூடப் பரவாயில்லை. கண்டுபிடித்த இடத்தை நமக்குச் சொல்ல அதற்கு சிம் வேண்டும். ஊரே கூடி வீடியோ அனுப்பிக்கொண்டிருக்கிற நேரத்தில் டவர் திணறும். பேட்டரியும் ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது.

எனக்குப் பட்டது வேறு. பிள்ளை எங்கே என்பது இரண்டாவது கேள்விதான். கையை விட்டுப் போனது எப்போது என்பதே முதல் கேள்வி. முதல் அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டால் திரும்பிப் பார்த்தாலே போதும், வரைபடமே வேண்டாம்.

அதற்கு ப்ளூடூத் பட்டை போதும். பிள்ளையின் பட்டை விநாடிக்குச் சில முறை "இருக்கிறேன்" என்று ஒரு துளி சிக்னல் அனுப்பும். அம்மாவின் போன் அதன் பலத்தை அளக்கும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் பலம் 6 டெசிபெல் (சிக்னல் பலத்தையும் இந்த அலகில்தான் சொல்வார்கள்) குறையும். மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் பலவீனம். ஒரு மீட்டரில் மைனஸ் 60 என்றால், 10 மீட்டரில் மைனஸ் 80, 20 மீட்டரில் மைனஸ் 86. இந்தக் குறைவை வைத்துத் தூரத்தை ஊகித்து, எல்லை தாண்டினால் அலறுவதுதான் ஏற்பாடு.

கூட்டத்தில்தான் வில்லங்கம். ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். மைக்ரோவேவ் அடுப்பு சோற்றைச் சூடாக்குவதும் இதே அலைவரிசைப் பக்கம்தான். (பயப்பட வேண்டாம்: அடுப்பு பல நூறு வாட், பட்டை சில மில்லிவாட்.) தண்ணீர் இந்த அலையை நன்றாகவே உறிஞ்சும், நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். நடுவில் ஒரு பெரியவர் வந்து நின்று 12 டெசிபெல்லை விழுங்கினார் என்று வையுங்கள். தூரம் இரண்டு முறை இரட்டித்த கணக்கு. 3 மீட்டரில் நிற்கிற பிள்ளை போனுக்கு 12 மீட்டரில் தெரிவான். எல்லை 10 மீட்டர் என்றால் அலாரம் அடிக்கும். இப்படிப் பொய்யாக நாலு முறை அடித்தால் ஐந்தாவது முறை அக்கா அதை அணைத்துவிடுவாள்.

ஒரு அளவை மட்டும் நம்பாமல், ஐந்தாறு விநாடி தொடர்ந்து சிக்னல் பலவீனமாக இருந்தால் மட்டும் அடிக்க வைத்தேன். அதற்குள் பிள்ளை ஐந்தாறு மீட்டர் நடந்திருப்பான், அவ்வளவுதான் நஷ்டம். மேளச் சத்தத்தில் பீப் ஒலி காதில் விழாது என்பதால் அம்மாவின் கையில் அதிர்கிற பட்டை ஒன்று. அல்ட்ரா வைட்பேண்ட் என்கிற இன்னொரு ரேடியோ முறை இதைவிட மேல்: பலத்தை விட்டு, சிக்னல் போய் வருகிற நேரத்தை அளக்கும். ஒளி ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர் போகிறது, அதனால் பிசகு ஓரிரு சாண்தான். ஆனால் அக்காவின் போனில் அது இல்லை.

எங்கே கட்டுவது? "அரணாக் கயித்துலயே கோத்துடு, கழட்ட மாட்டான்" என்றாள் அக்கா. யோசனை நல்லதுதான், ஆனால் இடுப்பு ஒரு தண்ணீர்க் குடம். வயிற்றுப் பக்கம் கட்டினால் முதுகுப் பக்கம் சிக்னல் செத்துவிடும். தோள்பட்டையில் தைத்தால் தேவலை. காசு மாதிரி வட்டமான லித்தியம் பேட்டரி போடுகிறவர்கள் மூடியைக் கட்டாயம் திருகாணியால் இறுக்க வேண்டும். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும்.

பேட்டரியே இல்லாத இன்னொரு உதவி, போனை ஒட்டி வைத்தால் படிக்கிற என்எப்சி சிப். யாராவது தங்கள் போனை அதன்மேல் வைத்தால் அந்தப் போனின் காந்தப்புலத்திலேயே மின்சாரம் எடுத்து அம்மாவின் நம்பரைக் காட்டும். பிள்ளையின் பெயரை மட்டும் வெளியே எழுதாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன் பின்னால் பிள்ளை போய்விடும்.

அடுத்த சிரசுக்குக் கட்டி அனுப்பினோம். சாயந்திரம் முழுக்க அலாரம் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பட்டை அக்காவின் கைப்பையில் கிடந்தது. "அரிச்சுது மாமா" என்றான் பையன். இப்போது தோலைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கும் உணரியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.