வயிறு சரியானதும் நிறுத்தும் மாத்திரை

"ஆறு மாசமா ஒண்ணுமே இல்லை, இன்னும் எதுக்கு மாத்திரை?" பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகும் அல்சரேடிவ் கொலைட்டிஸ் நோயாளிகள் பலரும் கேட்கும் கேள்வி இது. காய்ச்சல் விட்டால் மாத்திரையையும் விட்டுவிடுவதுதானே நம் பழக்கம்? இங்கே அந்தக் கணக்கு உதைக்கிறது.

இந்நோய்க்கு வழக்கமாகத் தரும் மெசலமைன், பெரும்பாலும் ரத்தத்தில் ஏறி வேலை செய்யும் மருந்தல்ல. புண்ணைத் தொட்டு ஆற்றும் மருந்து, தோலில் தடவும் களிம்பு மாதிரி. வெறுமனே விழுங்கினால் சிறுகுடலே அதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். அதனால் பல மாத்திரைகளுக்கு ஒரு மேலுறை போடுகிறார்கள். இரைப்பை அமிலத்தில் அது கரையாது. அமிலம் குறைந்து பிஎச் 7-ஐ எட்டும் சிறுகுடலின் கடைசியில்தான் கரையும். (சிலருக்கு மலத்தில் மாத்திரையின் வெற்றுக்கூடு தென்படுவது இதனால்தான். பொடித்துச் சாப்பிடக் கூடாது என்பதும் இதனால்தான்.) தடவிய களிம்பு துடைத்துக்கொண்டு போவதுபோல் மருந்தும் மலத்தோடு போய்விடும். நாளைக்கு நாளைய மாத்திரை வந்தாக வேண்டும்.

இந்நோயில் மலத்தோடு வரும் ரத்தப்போக்கு நின்றபிறகும் பலருக்குக் குடல்சுவரை நுண்ணோக்கியில் பார்த்தால் அழற்சி கனன்றுகொண்டிருக்கும். நோயாளிக்கு அது தெரியாது.

சிகாகோவில் சுனந்தா கேன் குழுவினர், நோய் அடங்கியிருந்த 99 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003-இல் முடிவை வெளியிட்டனர். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிய கணக்கை வைத்துத்தான் ஆட்களைப் பிரித்தார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு நோய் அடங்கியே இருக்கும் வாய்ப்பு 89 சதவீதம், ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்கு 39.

மாத்திரையில் மிச்சம் பிடித்த காசு அப்புறம் எங்கே போகிறது? கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை), ஸ்டீராய்டு, முற்றிப்போனால் வார்டில் படுக்கை. அதற்கும் அடங்காவிட்டால் இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற விலை உயர்ந்த ஊசி, இல்லையேல் பெருங்குடலையே எடுக்கும் அறுவை. இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசியிலும் இதே வம்பு உண்டு. தொடக்கத் தவணைகள் முடிந்தபின் வழக்கமாக எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். அதில் எலிப் புரதத்தின் ஒரு பகுதி இருப்பதால், நீண்ட இடைவெளி விட்டுத் திரும்பப் போட்டால் உடல் அதை அந்நியனாக அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் உண்டாக்கக்கூடும். பிறகு காசு கொடுத்து ஏற்றினாலும் பலன் குறையும், ஒவ்வாமையும் வரலாம்.

எல்லாப் பழியையும் நோயாளி தலையில் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. தினம் மூன்று வேளை, வேளைக்கு இரண்டு மூன்று மாத்திரை என்றால் யார்தான் மறக்க மாட்டார்கள்? அன்றைய அளவு மொத்தத்தையும் ஒரே வேளையில் விழுங்கினாலும் நோயை அடக்கி வைப்பதில் பலன் குறைவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. மூன்று வேளைச் சீட்டு வைத்திருப்பவர்கள் அடுத்த முறை டாக்டரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.