ரெக்வயரை இம்போர்ட்டாக மாற்றினால் உள்ளே என்ன நடக்கிறது?

"பழைய ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளில் ரெக்வயரை எடுத்துவிட்டு இம்போர்ட் போட்டேன். முன்பு எப்போதும் 0 காட்டிய ஓர் எண், இப்போது ஒழுங்காக ஏறுகிறது. நான் எதையும் திருத்தவில்லையே?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

இரண்டுமே ஒரு கோப்பில் இருப்பதை இன்னொரு கோப்புக்குள் இழுக்கும் வழிகள்: ரெக்வயர் பழையது, இம்போர்ட் புதியது. சில்லறை வேலைகளை முதலில் முடித்துவிடுவோம். நோடில் (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் மென்பொருள்) ஓட்டுவதென்றால் பேக்கேஜ் ஜேசான் என்ற அமைப்புக் கோப்பில் டைப் என்பதற்கு மாட்யூல் என்று கொடுங்கள். இழுக்கும் கோப்பின் பெயரை ஜேஎஸ் என்ற வால் வரை முழுதாக எழுதுங்கள். யூஸ் ஸ்ட்ரிக்ட் வரியை அழித்துவிடலாம். மாட்யூல்கள், அதாவது புது முறையில் எழுதிய கோப்புகள், எப்போதுமே ஸ்ட்ரிக்ட் என்ற கண்டிப்பான முறையில்தான் ஓடும். ஆனாலும் பலர் அதைக் காப்பு மந்திரம் மாதிரி கோப்பின் தலையில் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

சரி, அந்த எண்ணுக்கு வருவோம். 2009-இல் தொடங்கிய காமன்ஜேஎஸ் முறையில் ரெக்வயர் ஒரு சாதாரண ஃபங்ஷன். கோப்பை ஓட்டி, அது தரும் ஆப்ஜெக்ட்டை வாங்கிக் கொடுக்கும். கோப்பில் 'எண்' என்றொரு மாறி, அதில் 0. அதைக் கூட்ட 'ஏற்று' என்றொரு ஃபங்ஷன். (மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் முகம் சுளிக்காது.) இரண்டையும் ஆப்ஜெக்ட்டில் போடும்போது எண்ணின் அப்போதைய மதிப்பு நகலாகிவிடுகிறது. அப்புறம் 'ஏற்று' எத்தனை முறை ஓடினாலும் உள்ளே இருக்கும் மாறிதான் ஏறும். நகல் அசையாது.

2015-இல் மொழியின் தரநிலையில் சேர்ந்த புதிய இம்போர்ட் முறையில் நகலே கிடையாது. எந்த மாட்யூலின் ஒரு வரியும் ஓடுவதற்கு முன்பே, எஞ்சின் எல்லாக் கோப்புகளையும் படித்து, எது எதை இழுக்கிறது என்று வரைபடம் போட்டுவிடுகிறது. பிறகு இழுக்கும் பக்கத்துப் பெயரை, தரும் பக்கத்து மாறியோடு நேராக இணைக்கிறது. ஓட்டம் தொடங்குவது அதற்கு அப்புறம்தான். ஆக, இரண்டு கோப்புகளிலும் 'எண்' என்பது ஒரே மாறி. அங்கே 1 ஆனால் இங்கேயும் 1. ஆனால் இழுத்தவர் பார்க்கலாமே தவிரக் கை வைக்க முடியாது. மாற்ற முயன்றால் டைப்எரர் என்ற பிழை விழும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. தரும் கோப்பில் எக்ஸ்போர்ட் டிஃபால்ட் எண் என்று, அதையே கோப்பின் முதன்மைச் சரக்காக எழுதினால் மட்டும் இந்த இணைப்பு கிடைக்காது, அந்தக் கணத்து மதிப்புதான் போகும்.

இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று இழுக்கும் சிக்கலிலும் இதன் அருமை தெரியும். ரெக்வயர் பாதி நிரம்பிய ஆப்ஜெக்ட்டைச் சத்தமில்லாமல் நீட்டிவிடும். எங்கோ தள்ளி அன்டிஃபைன்ட் (மதிப்பே இல்லை) என்று வெடிக்கும். புது முறையில், லெட் என்று அறிவித்து இன்னும் மதிப்பு பெறாத மாறியைத் தொட்ட இடத்திலேயே ரெஃபரன்ஸ்எரர் என்ற பிழை வரும். வந்தால் இம்போர்ட்டைத் திட்டாதீர்கள். அந்த இரண்டு கோப்புகளுக்கும் பொதுவான துண்டை மூன்றாவது கோப்புக்கு நகர்த்துங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும்.